உரக்குழிக் கூலி

உரக்குழி வெட்டிய கூலியில் ஆயிரத்து அறுநூறு ரூபாய் பாக்கி. கேட்கப் போனவனிடம், "பண்டிகைக்குக் குடும்பத்தோட சாப்பிட வாப்பா. கணக்கையும் அன்னைக்கே தீர்த்துடலாம்" என்றார் தோட்டத்து முதலாளி.

மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனான்.

எல்லாம் தோட்டத்துக் காய். தட்டுகூட இலையில் தைத்தது. "செலவும் கம்மி, மண்ணுக்கும் நல்லது" என்றவர், தயங்கிய சின்னவளுக்குத் தானே மறுபடி பரிமாறினார். "வெக்கப்படாம சாப்பிடும்மா."

"தங்கமான மனுஷன்" என்று மனைவி காதைக் கடித்தாள். "காசு வந்ததும் நேராப் போய் வாடகையைக் கட்டிடு. நாளைக்குள்ள கட்டலேன்னா சாமானைத் தூக்கி வெளிய வெச்சிடுவாங்க."

எச்சில் தட்டுகளைத் தான் வெட்டிய குழியிலேயே போட்டுவிட்டு வந்து, தலையைச் சொறிந்தான். "ஐயா, அந்தப் பாக்கி..."

"நாலு பேரு, தலைக்கு நானூறு. கணக்கு நேராயிடுச்சேப்பா" என்றார் அவர். "பாப்பா ரெண்டாந்தடவை வாங்கினதுக்கு நான் எதுவும் போடலை."