எழிலரசனின் கைப்பட்டை

தினமும் வீட்டில் உடற்பயிற்சி செய்தால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லி, எழிலரசனுக்கு அவன் கம்பெனி இதயத் துடிப்பை அளக்கும் ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தது. சோம்பேறியான அவன் அதை மனைவி தேன்மொழியின் கையில் கட்டிவிடுவான். அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவளும் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்கி, அவனுக்காக மூச்சிரைப்பாள்.

ஒருநாள் காலையில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"எழிலரசன் யாருங்க? இதயத்துல அடைப்புன்னு உங்க பட்டை தகவல் அனுப்பியிருக்கு. உடனே கிளம்புங்க," என்றார் நர்ஸ்.

தேன்மொழி பதறிப்போய் அவன் நெஞ்சைத் தடவினாள். "ஐயோ, எங்கிட்டகூட சொல்லாம மறைச்சிட்டீங்களே!"

எழிலரசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே, "பட்டையைக் கட்டியிருந்தது இவதான், சிஸ்டர். இவளைக் கூட்டிட்டுப் போங்க," என்றான்.

அவள் கை இன்னும் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது.