கதவில் இருந்த வெட்டு

நாற்பதாவது சுதந்திர தினத்துக்குச் சுவரில் மாட்ட, தன் வீட்டுப் பழைய கதவுப் பலகையிலேயே மூவர்ணக் கொடி செய்யச் சொல்லி என் தச்சுப் பட்டறையில் கொடுத்திருந்தார் எங்கள் ஊர்த் தியாகியின் மகள் சுந்தரம்மாள்.

செய்து வைத்த கொடியைத் தடவிப் பார்த்தவரின் முகம் வாடியது.

"ஆசாரி, இதுல ஆழமா ஒரு வெட்டு இருந்துச்சே?"

"அசிங்கமா இருந்துச்சும்மா. இழைச்சு எடுத்துட்டேன்."

"அய்யய்யோ! நாப்பத்திரண்டுல எங்கப்பாவைப் பிடிக்க வந்த போலீசு கதவை உடைச்சப்ப விழுந்த வெட்டு அது. அதுக்காகத்தானே இந்தப் பலகையைக் கொடுத்தேன்!"

நான் குனிந்து, தரையில் கிடந்த மரச்சுருள்களைக் கூட்டினேன்.

"சரி விடுங்க. தெரியாமத்தானே செஞ்சீக?" என்று கொடியை வாங்கிக்கொண்டு போனார்.

தெரிந்துதான் இழைத்தேன். அன்று போலீசோடு போய், கோடாலியால் அந்தக் கதவை வெட்டித் திறந்துவிட்ட ஆசாரி என் அப்பா.