ஒற்றை யானை

“வெட்டுப்பட்ட யானை இது. ரிஜெக்ட் பீஸ். அதான் மலிவா கிடைச்சிருக்கு, தூக்கிண்டு வந்துட்டார்” என்று சொல்லி, ஜகதாம்பாள் அந்தக் கண்ணாடி யானையை டீபாய் மேல் பொத்தென்று வைத்தாள். கேசவ் பதறிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

கேசவ் பழைய கலைப்பொருள்களைப் பார்த்து மதிப்புச் சொல்கிறவன். பஜனை மண்டலியில் யாரோ அவன் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். கணவர் சுந்தரராமன் டிபன் சாப்பிட்டுவிட்டு வெளியே கிளம்பும்வரை காத்திருந்து, அந்த மல்லேஸ்வரம் வீட்டுக்கு அவனை முதல்முறையாக வரவழைத்திருந்தாள்.

யானை தேங்காய் அளவு இருந்தது. தெளிந்த கண்ணாடிக்குள் கடல் நீலம், அதற்குள் பொடிப்பொடியாகத் தங்கத் துகள். தலை, தூக்கிய தும்பிக்கை, முன்னங்கால்கள் எல்லாம் அழகுதான். அதற்குப் பின்னால் உடம்பே இல்லை. கத்தியால் அறுத்த மாதிரி தட்டையாக முடிந்திருந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், மாநில அரசில் இன்ஜினியராக இருந்த சுந்தரராமனைப் பயிற்சிக்காக இத்தாலிக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர்கள் பெண்டாட்டிக்குக் கைக்கடிகாரம், சென்ட், பட்டு ஸ்கார்ஃப் என்று வாங்கி வந்தார்கள். இவர் இதைக் கொண்டுவந்தார். “இத்தாலி வரைக்கும் போய் அரை யானையோட திரும்பின ஒரே ஆசாமி எங்காத்துக்காரர்தான்” என்று ஜகதாம்பாள் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

யானை வந்த பெட்டியாவது உருப்படியாக இருந்தது. உள்ளே வெல்வெட் பதித்து இரண்டு குழி. ஒன்றில் நூல்கண்டும் மற்றதில் பட்டனும் போட்டு, தையல் பெட்டியாக வைத்துக்கொண்டாள்.

சுந்தரராமனை அவள் ஒரு மனுஷராக நினைத்தே வெகுகாலம் ஆகிவிட்டது. கேட்டதற்கெல்லாம் ‘சரி’. சாப்பிட்ட தட்டை நகர்த்தத் தெரியாது, சர்க்கரை டப்பா எதென்று தெரியாது. ரிட்டயரான பிறகு தினமும் ஓசிப் பேப்பர் படிக்க ஏதோ இன்ஜினியர்கள் சங்கத்துக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். அந்த மனுஷர் ஆயுசில் ஒரே ஒரு தடவை குரல் உயர்த்தியது, அவள் இந்த யானையை வேலைக்காரிக்குக் கொடுக்கப் போனபோதுதான். “அதுல கை வைக்காதே” என்றார். அதனாலேயே இதை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி.

கேசவ் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காது மடிப்பையும் தும்பிக்கை நுனியையும் பார்த்தான். பிறகு கவிழ்த்து அடிப்பாகத்தை விரலால் தடவினான்.

“மாமி, இது ரிஜெக்ட் இல்ல. செஞ்சதே இப்படித்தான். புக் எண்ட். அலமாரில புஸ்தகம் சாயாம ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கறது. தட்டையா இருக்கிற பக்கம் புஸ்தகத்தோட ஒட்டி நிக்கணும்.”

“இந்த வீட்ல புஸ்தகம்னா பஞ்சாங்கம்தான்” என்றாள் ஜகதாம்பாள். “ரெண்டு பக்கத்துக்குன்னா ரெண்டு வேணுமே?”

ஜோடியாகத்தான் விற்பார்கள் என்றான் கேசவ். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி, பாதி விலைக்கு ஒன்றை மட்டும் பிரித்து வாங்கியிருப்பார் என்றாள். அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அதுகூட இவருக்கு இருந்திருக்கிறதே என்றாள்.

யார் செய்தது என்று கேட்டாள். இத்தாலியில் கண்ணாடி வேலைக்குப் பேர்போன மூரானோ தீவில் ஒரு பழைய பட்டறை, அந்த மாஸ்டர் ஜோடியில் ஒன்றின் அடியில் மட்டும்தான் பெயரைக் கீறுவார், இதில் பெயர் இல்லை என்றான் அவன். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, பெயர் கீறின யானை ஒன்றைப் போன வருஷம் இதே ஊரில், காக்ஸ் டவுனில் பார்த்தேன் என்றான். இதே நீலம், தும்பிக்கை மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்ததாம்.

அது ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வீடு. மேடமும் சாரும் அவனை மத்தியானம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்களாம். சமையல் முழுக்க சார்தான். பரிமாறிக்கொண்டே பாட்டுப் பாடினார், மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யானையை விலைக்குக் கேட்டபோது சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டி மறுத்துவிட்டார். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது என்றான் கேசவ்.

ஜகதாம்பாள் பெருமூச்சு விட்டாள். “கொடுத்து வெச்சவ. அப்படியும் ஆம்பளைகள் இருக்கா பாருங்கோ. எனக்கு வாய்ச்சது வாயில்லாப் பூச்சி.”

கேசவ் யானையைத் துடைத்தான். இந்த இரண்டையும் ஒன்றுசேர்த்தால் நல்ல மதிப்பு வரும், காக்ஸ் டவுன்காரர்களிடம் மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்றான். பேசுங்கோ, எப்படியாவது இதை அவாகிட்டயே தள்ளிவிடுங்கோ என்றாள் அவள்.

வாசல் கேட் கிறீச்சிட்டது. மறந்து வைத்துவிட்டுப் போன செல்போனுக்காகப் பாதி வழியிலேயே திரும்பி வந்த சுந்தரராமன், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். டீபாய் மேல் யானையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். இன்னொரு செருப்பைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை.

கேசவ் முகமெல்லாம் மலர்ந்து எழுந்து கைகூப்பினான்.

“நமஸ்காரம் சார். மேடம் வரலையா?”