போர்வைக்குப் பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர்

இரண்டாவது முறையும் பாட்டு முடிந்தது.

தணிகாசலம் வீட்டு ஹாலின் குறுக்கே கட்டியிருந்த போர்வைக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று பழையது. மற்றது அவர் ஜப்பானிலிருந்து வரவழைத்தது. பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது ஏமாந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட, இன்று இந்த ஏற்பாடு. எது எப்போது பாடியது என்று கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும்.

அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

ஒரு வருடமாகவே இப்படித்தான். ஞாயிறு தோறும் இங்கே புதிதாக ஏதாவது வந்து இறங்கும். எல்லோரும் சொக்கிப்போய்த் தலையாட்டுவார்கள். ஒன்றும் புரியாமல் அவனும் ஆட்டுவான்.

சினிமாவுக்கு சவுண்ட் மிக்சிங் செய்கிறவன். காதுதான் சோறு.

அந்தக் காது போய்விட்டது என்று முடிவே கட்டியிருந்தான். போன படத்தைக் காய்ச்சல் என்று சொல்லி உதவியாளர் தலையில் கட்டினான். வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. அவ்வளவு பயம்.

இன்று நடிக்கத் தெம்பில்லை. 'வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

தணிகாசலம் சீட்டுகளை உரக்கப் படித்தார். முதலாவதில் வீணை மந்தமாம். இரண்டாவதில் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டதாம். இரண்டாவதுதான் ஜப்பான், சந்தேகமே இல்லை என்று அவரே எழுதியிருந்தார்.

அவனுடைய சீட்டைப் படித்ததும் யாரோ இருமினார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"மங்கை, முதல்ல எதைப் போட்டே?"

போர்வையை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார்.

"ரெண்டு தடவையும் பழசுதாங்க. புதுச நான் தொடவே இல்ல. கை பட்டா கெட்டுப்போயிடும்னு நீங்கதானே இத்தனை வருஷமா கத்துறீங்க? பாட்டை மட்டும் திருப்பிப் போட்டேன்."



அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த அம்மாள் காலில் விழலாம் போலிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வாசலுக்கு வந்தான்.

செருப்பை மாட்டும்போது தணிகாசலம் பின்னாலேயே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு நெஜமாவே வித்தியாசம் கேட்டுது சார். காதுல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

அவன் அவர் தோளில் கை வைத்தான்.

"காதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

தன்னிடம் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஒரு வருடமாக ஏங்கியிருந்தான்.

இன்னொரு தடவை சொன்னான்.