உப்பு பத்தலை

"பசிக்குதும்மா. சாப்பிட ஏதாவது கிடைக்குமா?"

இரும்புப் பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்த கையோடு அந்தப் பட்டாளத்துக்காரன் கேட்டது இதைத்தான்.

சித்திக்குச் சுருக்கென்றது. நாலு மாதத்துக்கு முன்னால் எல்லையில் உயிரை விட்ட அவள் அக்கா மகனின் பெட்டி அது. அதை அவனைப் பெற்றவளிடம் ஒப்படைக்க வந்தவன் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? வந்ததும் வராததுமாகச் சோறா?

"மேஜை மேல என் வீட்டுச் சாப்பாடு இருக்கு தம்பி. போட்டுத் தர்றேன்," என்றாள்.

"அது வேண்டாங்க. அம்மா சமைச்சுப் போட்டா சாப்பிடறேன்."

சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது அடுப்பு எரிஞ்சே நாலு மாசம் ஆன வீடு, தெரியுமா?"

அக்கா சாதாரணச் சமையல்காரி இல்லை. கல்லூரிப் பெண்கள் விடுதியில் எழுபது பேருக்கு இருபது வருடம் கரண்டி பிடித்தவள். சேதி வந்த அன்று அடுப்பை அணைத்தவள், அப்புறம் விடுதிக்கும் போகவில்லை, தன் சமையலறைக்குள்ளும் போகவில்லை. சித்தி கொண்டுவந்து வைப்பதில் இரண்டு வாய். அவ்வளவுதான். "இப்படியே போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்று டாக்டரே கையை விரித்துவிட்டார்.

வாசலில் எத்தனையோ கார்கள் வந்து நின்றன. பெரிய மனிதர்கள் மாலை போட்டார்கள், வீரத்தாய் என்றார்கள். அக்கா எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மகன் கூப்பிடும் நேரம் அது. சித்தி எடுத்து அப்பால் வைத்தால் மறுபடி போய் எடுத்துக்கொள்வாள்.

அந்த அக்கா இப்போது வந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் போன்ல சொல்வானே, நீதான் அந்த ஒல்லியா?"

"ஆமாம்மா. பக்கத்துக் கட்டில். அடிபட்ட காலைச் சரி பண்ணி, ஆஸ்பத்திரியிலேருந்து முந்தாநாள்தான் விட்டாங்க. அதான் வரத் தாமதம்."

அக்கா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

முக்கால் மணி நேரத்தில் சோறு, பருப்பு, சுட்ட அப்பளம்.

ஒல்லி கால் நீட்டி உட்கார்ந்து ஒரு கட்டு கட்டினான். தட்டு காலியானது. "இன்னும் கொஞ்சம்மா." அதுவும் காலி. "இன்னும் கொஞ்சம்." இந்த உடம்பில் எங்கேதான் போகிறதோ என்று சித்தி வாயைப் பிளந்தாள். அக்கா பானையைச் சுரண்டிப் போட்டாள்.

கடைசி வாயை விழுங்கிவிட்டு அவன் சொன்னான்:

"பருப்புல உப்பு பத்தலைம்மா."

சித்திக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"என்னது? உப்பு பத்தலையா? எழுபது பொண்ணுங்களுக்கு ஆக்கிப் போட்டவடா நான்! ஒருத்தி ஒரு நாள் சொன்னதில்லை. அங்கே போடறதைத் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு உனக்கு. பானையைக் காலி பண்ணிட்டு உப்பு இல்லையாம், உப்பு! போயிடாதே, இரு. ராத்திரிக்கு ஆக்கிப் போடறேன், அப்போ சொல்லு..."

பேச்சு பாதியில் நின்றது. உதடு கோணியது.

"எங்கடா விட்டுட்டு வந்தே அவனை? நீ மட்டும் வந்து உட்கார்ந்திருக்கியே!"

அவன் எச்சில் கையோடு தலை குனிந்துகொண்டான். "என்னைத் தூக்கிட்டு வந்து பத்திரமா படுக்க வச்சான்மா. இன்னொருத்தன் கூப்பிட்டான்னு திரும்பிப் போனான்."

அக்கா அவன் தோளில் அடித்து அடித்து அழுதாள். நாலு மாதத்து அழுகை. சித்தி அவளைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, அவன் கை கழுவப் போயிருந்த கொல்லைப்புறக் குழாயடிக்கு நேராகப் போனாள்.

"வெட்கமா இல்லையா தம்பி உனக்கு? உன் உயிரைக் காப்பாத்தினவனைப் பெத்தவ அவ. கல்லு மாதிரி இருந்தவ இன்னிக்குத்தான் எழுந்து அடுப்பே பத்த வச்சா. அவகிட்ட போய் உப்பு பத்தலைன்னு குறை சொல்றியே, நீயெல்லாம் மனுஷன்தானா?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை.

"ஒரு சோடா கிடைக்குமா சித்தி? ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்ச வயிறு. மூணு தட்டு தாங்கலை."

"அப்போ எதுக்குத் தின்னே?"

அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்தான்.

"மலை மேல காவலுக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்துக் கட்டில்காரன்கிட்ட ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம். 'நான் திரும்பலைன்னா என் வீட்டுக்குப் போய் இந்த ஒரு வேலையை மட்டும் முடிச்சுடு'ன்னு. பைக்கைத் தம்பிக்குக் கொடு, அப்பாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, இப்படி எதையாவது எழுதுவாங்க. அவன் எழுதினது இது."

சித்தி பிரித்தாள். அக்கா மகனின் கோணல் கையெழுத்து.

'டேய் ஒல்லி, நான் வரலைன்னா அம்மா அடுப்பை அணைச்சிடுவா. அழக்கூட மாட்டா. நீ போய்ப் பசிக்குதுன்னு கேளு. மூணு தடவை வாங்கிச் சாப்பிடு. ரொம்ப நல்லாத்தான் இருக்கும், ஆனா உப்பு பத்தலைன்னு சொல்லு. அவ திட்டற வரைக்கும் எழுந்திரிக்காதே. திட்ட ஆரம்பிச்சுட்டா போதும்டா, எங்கம்மா பிழைச்சுக்குவா.'