அசல் மட்டும் பாக்கி

ஹெல்மெட்காரரின் வண்டிச் சத்தம் வாசலில் வந்து நின்றதும், அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் வருகிற ஞாயிறெல்லாம் இப்படித்தான். வட்டி வசூலிக்க வருகிறவர் முகத்தில் விழிக்க அவளுக்கு அவமானம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா கதவைப் பாதி திறந்து நான்கு நோட்டுகளை நீட்டினார். ஹெல்மெட்காரர் எண்ணிப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. இரண்டு வருஷமாக அவருடைய கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வண்டி போனது. குழாய் நின்றது.

"அசல்ல ஏதாவது குடுத்தீங்களா?" அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"வட்டி குடுத்தேன்ல?"

"வட்டியை யார் கேட்டா? எண்பதாயிரம் அசல். ரெண்டு வருஷத்துல ஒத்தை நோட்டு குறையல. ஊர்ல டயருக்கெல்லாம் காத்தடிக்கிறீங்க, வீட்டுக்கு வந்தா எனக்கும் அதையேதான் அடிக்கிறீங்க!"

"டயர் கடைக்கு மிஷின் வாங்கத்தானே கடன் வாங்கினேன்? சீட்டாடினேனா?"

"ஆடியிருந்தாகூட ஒருநாள் ஜெயிச்சிருப்பீங்க. என் பாதியை நான் மாசாமாசம் வெக்கிறேன். உங்க பாதி எங்க போகுது?"

பாதி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாடகை பாதி, கரண்ட் பில் பாதி, என் ஸ்கூல் பீஸ் பாதி. சமையல் எண்ணெய் பாட்டிலில்கூட அம்மா மார்க்கரால் கோடு போட்டிருக்கிறாள். அப்பா தனக்கு முட்டை பொரிக்கும்போது பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுவார்.

ஒரு வருஷமாக அப்பாவின் பாதி முழுசாக வரவில்லை. கேட்டால் 'கடையில செலவு' என்பார். போன வாரம் அம்மா போனில் யாரிடமோ, "சின்ன வீடு போதும், ரெண்டு பேருதான்" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இப்போதுகூட இரண்டு பேரும் தூங்கின பிறகுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். அந்தக் கடன் ஒழிந்தால் சண்டை ஒழியும், வீடு உடையாது என்று நம்பினேன். கடன் கொடுத்தவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டால், கெஞ்சியாவது வட்டியை நிறுத்தச் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு ஹெல்மெட்காரரின் பின்னால் சைக்கிளை விட்டேன். நல்லவேளை, சிக்னல்கள் என் பக்கம் இருந்தன. வண்டி ஒரு மருந்துக் கடையின் பின்வாசலில் நின்றது. அது அம்மா கேஷ் கவுண்டரில் வேலை பார்க்கிற கடை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்தக் கடையில் மருந்து டெலிவரி செய்கிற அண்ணன்!

அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் அம்மா டூட்டிக்கு வந்தாள்.

"இந்தாங்கக்கா, இந்த வாரத்து வட்டி. வாசல்ல நிக்கிற அஞ்சு நிமிஷத்துல ஹெல்மெட்டுக்குள்ள வேர்வையில குளிச்சிடறேன். அடுத்த வாரம் வேற ஆளைப் பாருங்க" என்றார் அவர்.

அம்மா நோட்டுகளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரும்பினாள். நான் எழுந்து நின்றிருந்தேன்.

டெலிவரி அண்ணன் உள்ளே நழுவினார். அம்மா என் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்துப் போனாள்.

"எதுக்கும்மா இப்படி?"

"உங்கப்பா பொண்டாட்டிகிட்ட வாங்கினதை என்னைக்காவது திருப்பிக் குடுத்திருக்காரா? என் வளையல் போச்சு, நான் சேத்து வெச்சதெல்லாம் போச்சு. மிச்சமிருந்தது இந்த எண்பதாயிரம்தான். வெளியாள் காசுன்னா பயந்தாவது குடுப்பாருன்னு இந்தத் தம்பி மூலமா கடனா குடுக்க வெச்சேன்."

"அப்பாகிட்ட சொல்லிடலாமேம்மா?"

"சொன்னா அசல் வருமாடி? அது கைக்கு வந்ததும் நீயும் நானும் தனியா போயிடலாம். வீடு பாத்தாச்சு, முன்பணம்தான் பாக்கி. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

திறந்துவிட்டேன். அங்கிருந்து நேராக அப்பாவின் டயர் கடைக்கு மிதித்து, மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தெரியும் பாப்பா."

"எப்படிப்பா?"

"நான் காய்ச்சல்ல படுத்தேன்ல, அந்த ரெண்டு வாரமும் வசூலுக்கு ஆளே வரல. நான் யாருக்கும் சொல்லவும் இல்ல. காய்ச்சலுக்கு லீவு விடற கடன்காரனை எங்கயாவது பாத்திருக்கியா?"

"அம்மா வீடு பாக்குறது?"

"அந்த வீட்டு புரோக்கர் வண்டிக்கு நான்தானே பஞ்சர் ஒட்டறேன்."

பழைய ட்யூப் குவியலை விலக்கி, அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே நோட்டுக் கட்டுகள்.

"எண்பதாயிரம். வீட்டுக்குத் தர வேண்டியதுல கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கினது. போன மாசமே முழுசாயிடுச்சு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? சண்டையாவது நிக்கும்ல?"

அப்பா மூடியை அழுத்தி மூடினார்.

"குடுத்துட்டா உங்கம்மா போயிடுவாளே!"