கூட வந்தவள்

"கடையைச் சாத்துன்னா சாத்து. நீயும் வந்து எம் பக்கத்துல உக்காரு" என்றார் சலவைக்கடைக்காரர், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

அவர் மனைவிக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். தேய்க்க வேண்டிய சீருடை மேசை மேல் மலையாகக் கிடக்கிறது. இவருக்கோ மூன்று நாளாக இதே பாட்டு. அவள் இஸ்திரிப்பெட்டியில் கை வைத்தால் போதும், இவருக்கு நெஞ்சு கனத்துவிடும்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன்."

"தனியாவா? ஐயோ, நான் மாட்டேன். பயமா இருக்கு."

எதிர்க்கடைத் தையற்காரிக்கு இது காதில் விழுந்துவிட்டது. "ஏக்கா, மாமாவை இடுப்புல தூக்கிக்கிட்டுப் போ. கீழ இறக்கிவிட்டா அழுதுடப் போறாரு!"

தெருவே சிரித்தது. மனைவிக்கு மானம் போயிற்று.

ஆனால் வெறும் மானத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? இவருடைய அண்ணனும் இப்படித்தான் 'லேசா கனமா இருக்கு' என்றார். சாப்பிட்ட கை காய்வதற்குள் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்ததும் அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இதய டாக்டர் மாடியில்.

நாலு படி ஏறியதுமே அவளுக்கு அந்தப் பாழாய்ப்போன சூடு கழுத்தில் குபுகுபுவென்று ஏறியது. ரவிக்கை நனைந்தது. மூச்சு வாங்கியது. தாடை வேறு விண்ணென்று இழுக்க, கையால் அழுத்திக்கொண்டாள். மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு இப்படித்தான் படுத்துகிறது. எல்லாப் பெண்களும் படுகிற பாடுதானே, இதைப் போய் யாரிடம் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

"ஏய், நில்லு. என்னால முடியல." அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. நீயும் உக்காரு."

கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர் இவர்களைத் தாண்டி ஏறிப் போனார். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'ஆண்டவனே, இந்த மனுஷனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது' என்று முணுமுணுத்தாள்.

எப்படியோ மேலே வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, வாங்க. உள்ள வந்து படுங்க."

"நானா? சீக்காளி அவரும்மா. நான் கூட வந்தவ."

"உங்களைத்தான் டாக்டரம்மா கூப்பிடுறாங்க."

திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள்.

"தாடை வலி எத்தனை நாளா?" டாக்டரம்மா கேட்டார்.

"அது கிடக்குதும்மா, இந்த வயசுல வர்றதுதான். நீங்க முதல்ல அவரைப் பாருங்க."

இசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"மாதவிலக்கு நின்ன பிறகு பொம்பளைங்களுக்கு இதய நோய் வர வாய்ப்பு கூடுதும்மா. நெஞ்சு வலியாத்தான் வரணும்னு இல்ல. தாடை வலி, மூச்சு வாங்குறது, வேர்வைன்னும் வரும். எல்லாத்தையும் வயசு மேல பழி போட்டுட்டு இருந்திருக்கீங்க. இன்னிக்கு உங்களை வீட்டுக்கு விடமாட்டேன். இன்னும் சோதனை பண்ணணும்."

அவள் அப்போதும் கதவைத்தான் பார்த்தாள்.

"அம்மா, அவரு வெளியில தனியா இருக்காரு. மயங்கி விழுந்துடப் போறாரு, யாரையாவது அனுப்புங்களேன்..."

"அவரை நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். தனியாத்தான் வந்தாரு. குண்டுக்கல்லு மாதிரி இருக்காரு, ஒரு குறையும் இல்ல."

"பின்ன எதுக்கும்மா இத்தனை கூத்து?"

"நானும் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா. "'அவளுக்கு உடம்பு சரியில்லன்னா வரமாட்டா டாக்டர், எனக்குன்னா ஓடி வந்துடுவா'ன்னு சொல்லிட்டு, அந்த வாசல்ல நின்னு அழுதாரு."